ஊழியத்துக்குப் புறப்படும் எல்டருக்கு ஓர் அன்றாட வழிகாட்டி

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையிலிருந்து (பலர் மார்மன் சபை என்பார்கள்) விசுவாசத்தைப் பரப்பும் ஊழியத்துக்கான அழைப்புக் கடிதம் வந்ததும் உறவினர் அனைவரும் கேட்கும் முதல் கேள்வி, எந்த ஊருக்கு என்பதுதான். ஊரைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். அதைவிட உங்கள் நாள்களை நல்லதாகவோ கெட்டதாகவோ ஆக்கப்போகிறவர் உங்களோடு ஒரே அறையில் தங்கப்போகும் இன்னொரு இளைஞர், அதாவது உங்கள் துணைவர், என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. எல்டராக, அதாவது ஆண் ஊழியராக, அமெரிக்காவின் அரிசோனாவில் ஊழியம் முடித்துத் திரும்பியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஆகவே இதில் வெயிலும் மிதிவண்டியும் சற்று அதிகமாகவே வரும்.

அடிப்படைக் கணக்குகளை முதலில் சொல்லிவிடுகிறேன். இளைஞர்களுக்கு ஊழியக் காலம் 24 மாதங்கள், இளம்பெண்களுக்கு 18 மாதங்கள். இளைஞர்கள் 19 வயதுவரை காத்திருக்க வேண்டும் என்ற விதி 2012 அக்டோபரில் 18 ஆகக் குறைந்தது. சம்பளம் எதுவும் கிடையாது. மாறாக, நீங்களோ உங்கள் குடும்பமோதான் பணம் கட்ட வேண்டும். அமெரிக்கக் குடும்பங்கள் மாதந்தோறும் செலுத்திவந்த 400 டாலர், 2020 ஜூலையில் 500 டாலராக உயர்ந்தது. டோக்கியோ போன்ற செலவு மிகுந்த நகரத்துக்குப் போகிறவரும் செலவு குறைந்த சிற்றூருக்குப் போகிறவரும் ஒரே தொகையைக் கட்டும் ஏற்பாடு 1991 முதல் இருந்துவருகிறது. அந்தப் பொது நிதியிலிருந்துதான் உங்கள் கைச்செலவுக்குப் பணம் வரும், அது மாதக் கடைசியில் நிச்சயம் இறுக்கிப்பிடிக்கும். முதல் வாரத்திலேயே அரிசி, முட்டை, ஓட்ஸ் ஆகியவற்றை வாங்கி வைத்துவிட்டு, மிச்சத்தைத் தொடாமல் இருக்கப் பழகுங்கள்.

நாள் காலை 6.30 மணிக்குத் தொடங்குகிறது. அரை மணி நேர உடற்பயிற்சி, குளியல், காலையுணவு, தனிப்படிப்பு, துணைவருடன் சேர்ந்து படிப்பு என்று காலைப்பொழுது கழிய, பத்து மணி வாக்கில் வெளியே கிளம்பி, இரவு ஒன்பது, ஒன்பதரைக்குள் அறைக்குத் திரும்பி, 10.30 மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும். ஊர் வழக்கத்துக்கேற்ப இந்த நேரங்களைச் சற்று மாற்றிக்கொள்ளும் உரிமை 2017 முதல், அந்தந்த வட்டார ஊழியர்களை நடத்தும் ஊழியத் தலைவர்களுக்கு உண்டு. வீட்டில் ஒன்பது மணி வரை தூங்கிப் பழகியவர்கள் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே 6.30க்கு எழத் தொடங்குவது நல்லது, ஏனெனில் முதல் இரண்டு வாரங்களில் வரும் அழுகையில் பாதி, உண்மையில் தூக்கமின்மையின் அழுகைதான்.

இனி துணைவருக்கு வருவோம். உங்கள் துணைவரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. அவர் எப்போதும் உங்கள் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், குளியலறை மட்டுமே விதிவிலக்கு. ஆறு வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்பர் வரும். அப்போது அவர் மாறலாம், நீங்கள் மாறலாம், இருவருமே அங்கேயே தொடரலாம். முதல் பன்னிரண்டு வாரங்களுக்குப் பயிற்சி தரும் மூத்தவர் ஒருவருடன் இருப்பீர்கள். அவர் மூத்தவர் என்றாலும் உங்களைவிட ஒரு வயது மட்டுமே பெரியவராக இருக்கலாம், அவருக்கும் வீட்டு ஏக்கம் இருக்கலாம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பிரச்சினைகள் எப்போதும் சின்ன விஷயங்களிலேயே பிறக்கின்றன. என் இரண்டாவது துணைவர் காலையில் சீரியலைச் சாப்பிடும்போது கரண்டியைக் கிண்ணத்தின் விளிம்பில் மூன்று முறை தட்டுவார். நான்காவது வாரத்தில் அந்த மூன்று தட்டல்களுக்காகவே நான் எழும்போதே பல்லைக் கடித்துக்கொண்டு எழத் தொடங்கினேன். வாரத்துக்கு ஒருமுறை துணைவர்கள் இருவரும் எதிரெதிரே அமர்ந்து, ஒருவரிடம் ஒருவர் பிடித்ததையும் பிடிக்காததையும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஓர் ஏற்பாடு உண்டு. பெரும்பாலானோர் அதை இரண்டு நிமிடச் சடங்காக முடித்துவிடுவார்கள். நான் ஒருநாள் கரண்டியைப் பற்றிச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்து உட்கார்ந்தபோது, அவர் எனக்கு முன்பாகவே பேசத் தொடங்கினார். பாடம் நடத்தும்போது அவர் தொடங்கும் ஒவ்வொரு வாக்கியத்தையும் நானே முடித்துவிடுகிறேன் என்றும், மூன்று வாரங்களாக அவர் தம் விசுவாசத்தைச் சொல்லும் ஒரு சாட்சியைக்கூட முழுதாகச் சொன்னதில்லை என்றும் மெதுவாகச் சொன்னார். கரண்டி பற்றிய பேச்சை நான் எடுக்கவே இல்லை. அந்தச் சந்திப்புக்கு இருபது நிமிடமாவது ஒதுக்குங்கள், குறைகூறுவதற்கு முன் கேட்பவராக இருங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பசியோடு பேசினால் அது சண்டையாகிவிடும்.

ஒத்துப்போகவே முடியாத துணைவரும் வாய்க்கலாம். அப்போது ஆறு வாரம் என்பது நாற்பத்திரண்டு நாள்கள்தான் என்று எண்ணிக்கொண்டு, பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது போன்ற வேலைகளில் அவருடைய பங்கையும் சொல்லாமல் செய்து பாருங்கள். என் அனுபவத்தில் உபதேசத்தைவிட இது வேகமாக வேலை செய்கிறது. ஆனால் அவர் இரவில் தனியே வெளியே போகிறார், உங்களை மிரட்டுகிறார் என்ற நிலை வந்தால் பொறுமை காட்டக் கூடாது. அன்றே ஊழியத் தலைவருக்குப் போன் செய்யுங்கள். அதைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்க வேண்டியதில்லை.

கதவைத் தட்டுவதில் வெற்றி மிகக் குறைவு என்பது ஊழியர் அனைவருக்கும் தெரிந்த செய்தி. சபையினர் தம் நண்பர்களை அறிமுகப்படுத்தும்போது கிடைக்கும் பலனில் ஒரு சிறு பங்குகூட வெறும் கதவுகளில் கிடைக்காது. ஆகவே வாரத் தொடக்கத்தில் சபையினர் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து பேசுவதை நேர விரயம் என்று எண்ணாதீர்கள். கதவைத் தட்டும்போது பெயரையும் சபையின் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். 2018-இல் அப்போதைய தலைவர் ரசல் எம். நெல்சன், மார்மன் என்ற பட்டப்பெயரைத் தவிர்த்துப் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்ற முழுப்பெயரையே பயன்படுத்தக் கேட்டுக்கொண்டார். எனினும் எதிரில் நிற்பவர் ‘அப்படியென்றால் யார்?’ என்று விழித்தால், மக்கள் எங்களை மார்மன் என்று அழைப்பார்கள் என்று விளக்குவதில் தவறில்லை. வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடுங்கள். பைபிளைக் கையில் பிடித்துக்கொண்டு வாதத்துக்கு அழைப்பவர்களிடம் வசனத்துக்கு வசனம் மோதி யாரும் யாரையும் மாற்றியதாக நான் பார்த்ததில்லை, அன்று மாலை முழுவதும் உங்கள் மனம் கசந்திருப்பது மட்டும் உறுதி. எத்தனை பாடம், எத்தனை பேர் சபைக்கு வந்தார்கள் என்று வாராவாரம் அனுப்பும் எண்களையும் பரீட்சை மதிப்பெண்ணாக நினைக்காதீர்கள். அவற்றில் பெரும்பகுதி பிறருடைய விருப்பத்தைப் பொறுத்தது.

ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் ஜூலை மாத நண்பகல் நாற்பது டிகிரி செல்சியஸை எளிதாகத் தாண்டும். மிதிவண்டியை வெயிலில் நிறுத்தினால் கைப்பிடியைத் தொட முடியாது, எனவே பழைய சாக்ஸ் ஒன்றைப் பையில் வைத்திருந்து கைப்பிடியின் மேல் போட்டுவிட்டு உள்ளே போங்கள். மாலையில் முதுகுப்பையைக் கழற்றும்போது, பட்டைகள் பதிந்த இடத்தில் சட்டையில் உப்பு வெள்ளைக் கோடாகக் காய்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். அந்த அளவு உப்பைத் திரும்ப உடலில் சேர்க்காமல் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் தலைவலி வரும். ஹெல்மெட் அவசியம். பஞ்சர் ஒட்டும் பெட்டியும் காற்றடிக்கும் பம்பும் வண்டியோடே இருக்க வேண்டும், ஏனெனில் அந்த ஊர் முட்கள் டயரில் இருமுறைக்கு ஒருமுறையாவது ஏறிவிடும்.

வெயிலில் உள்ளே அழைத்து உபசரிப்பவர்கள் பெரும்பாலும் நீட்டுவது ஐஸ் டீ. ஞான வார்த்தை என்னும் நம் சபையின் உடல்நல விதியின்படி டீயும் காப்பியும் மதுவும் புகையிலையும் ஆகாது. நம்பிக்கையை விளக்கத் தொடங்கினால் உபசரித்தவர் தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணுவார், ஆகவே ‘ரொம்ப நன்றி, தண்ணீர் கிடைத்தால் போதும்’ என்று சொல்வதே நல்லது. தனியே இருக்கும் பெண்ணின் வீட்டுக்குள் எல்டர்கள் இருவர் மட்டும் போகக் கூடாது என்ற விதியையும் வாசலிலேயே நினைவில் கொள்ளுங்கள். வராந்தாவில் நின்றே பேசலாம். சபையினர் வீடுகளில் இரவுணவுக்கு அழைத்தால் நேரத்துக்குப் போய், ஒரு மணி நேரத்துக்குள் எழுந்துவிடுங்கள். அவர்களுக்கும் நாளை வேலை உண்டு.

வாரத்தில் ஒருநாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, பி-டே என்று நாங்கள் அழைக்கும் ஆயத்த நாள். துணி துவைத்தல், மளிகை, முடி வெட்டுதல், வீட்டுக்கு மின்னஞ்சல் எல்லாம் மாலை ஆறு மணிக்குள் முடிய வேண்டும். 2019 பிப்ரவரிக்கு முன்னர் வீட்டுக்கு ஆண்டில் இரண்டே முறைதான், கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும், பேச முடியும். இப்போது வாரந்தோறும் வீடியோவில் பேசலாம். இந்த வசதி இருமுனைக் கத்தி. அழைப்பு முடிந்த அரை மணி நேரத்தில் வரும் வெறுமையை எதிர்பார்த்து, அதையடுத்துக் கூடைப்பந்து போன்ற ஏதேனும் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் எல்லாம் நலம் என்று பொய் சொல்ல வேண்டாம். ஆனால் துணைவரைப் பற்றிய புகாரை அவர் அருகில் இருக்கும்போதே சொல்லாதீர்கள், அவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறார். காதலி இருந்தால், அவளிடமிருந்து வரும் கடைசிக் கடிதத்துக்கும் மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

சோர்வு சில நாள்களில் தீராமல், சாப்பாடு இறங்காமல், தூக்கம் வராமல், காலையில் ஷூ லேஸைக் கட்டவே மனம் வராமல் வாரக்கணக்கில் நீண்டால் அது விசுவாசக் குறைவு அல்ல. ஊழியத் தலைவரிடமோ, பெரும்பாலும் ஊழியர்களின் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளும் அவருடைய மனைவியிடமோ சொல்லுங்கள். மனநல ஆலோசகரிடம் பேச ஏற்பாடு செய்வார்கள். அதற்குப் பிறகும் வீடு திரும்ப வேண்டியிருந்தால் திரும்பலாம். வீட்டிலிருந்தபடியே சேவை ஊழியம் செய்யும் வழியும் இருக்கிறது. சொந்த ஊரில் சிலர் குத்தலாகக் கேட்பார்கள் என்பது உண்மைதான். குறித்த நாளுக்கு முன் வந்த என் நண்பன் ஒருவனிடம் மூன்று மாதம் யாரும் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நம் சபைக் குடும்பங்கள் இன்னும் மாற வேண்டும் என்பது என் கருத்து.

கடைசி ஆறு வாரங்களில் உங்கள் பெட்டி மனத்துக்குள் தானாகவே கட்டப்படத் தொடங்கிவிடும். வேலை பாதிக்காமல் இருக்க, அந்தப் பகுதியில் சந்தித்தவர்களின் பெயர், யார் வீட்டில் நாய் கடிக்கும், யாருக்கு வாரநாளில் இரவு வேலை என்பனவற்றை அடுத்து வருபவருக்காக எழுதுவதில் உட்காருங்கள். சட்டைகளில் காலர் நைந்தவற்றை விட்டுவிட்டு மற்றவற்றைத் துவைத்து அறையிலேயே வைத்துவிடலாம், யாருக்காவது அளவு சரியாக இருக்கும். பம்பையும் பஞ்சர் பெட்டியையும் கட்டாயம் விட்டுச் செல்லுங்கள், அந்தப் பழைய சாக்ஸையும்.