வெள்ளைக்கூடு எல்லாம் ஒன்றல்ல: கூட்டு நிற மரபியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து ஒவ்வொரு வருஷமும் பட்டுப்புழு புராஜெக்ட் செய்யப் பிள்ளைகள் வருகிறார்கள். ஈர இலை போடாதே, பால்புழு (பால்நோய் வந்த புழு) இருந்த தட்டைத் தொட்ட கையோடு அடுத்த தட்டைத் தொடாதே என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கிறது, அதை விடுகிறேன். புழு கட்டும் கூட்டின் நிறத்தை வைத்து மரபியல் படிக்க வருகிறவர்கள், அந்தக் காலத்தில் எங்கள் செட் விழுந்த அதே குழியில் இன்றும் விழுகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

இரண்டு வெள்ளையும் ஒன்று என்று நினைப்பது

இதுதான் பெரிய தவறு. ஒரு பருவ உழைப்பையே தின்றுவிடும்.

மஞ்சள் நிறம் புழு தானாக உண்டாக்குவதல்ல. மல்பெரி இலையில் இருக்கும் லூட்டீன், பீட்டா கேரோட்டின் போன்ற கேரோட்டினாய்டுகள்தான் அது. இலையிலிருந்து குடல் சுவருக்கு, அங்கிருந்து இரத்தத்துக்கு, இரத்தத்திலிருந்து பட்டுச் சுரப்பியின் நடுப்பகுதிக்கு என்று அது பயணம் செய்து, கடைசியில் செரிசின் என்ற பசையோடு சேர்ந்து கூட்டுக்கு வருகிறது. தோட்டத்திலிருந்து மண்டிக்கு வரும் மாங்காய் லாரி மாதிரி. வழியில் எந்தச் சாவடியில் நிறுத்தினாலும் மண்டிக்குக் காய் வராது. ஆனால் எந்தச் சாவடியில் நின்றது என்பதை மண்டியில் உட்கார்ந்து சொல்ல முடியாது.

முதல் சாவடி ஐ (I) மரபணு. இதன் ஓங்கு வடிவம், அதாவது ஒரு பிரதி இருந்தாலே வேலை செய்யும் வடிவம், இருந்தால் நிறமி குடலைத் தாண்டுவதே இல்லை. அடுத்தது ஒய் (Y). கேரோட்டினாய்டைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தைத் தருவது இதுதான். வெள்ளைக்கூட்டு ரகங்கள் பலவற்றில் இந்த மரபணு சிதைந்து, அந்தப் புரதம் உருவாவதில்லை என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007-ல் காட்டினார்கள். நல்ல மரபணுவைத் திரும்பச் சேர்த்ததும் வெள்ளைக்கூட்டுப் புழு மஞ்சள் கூடு கட்டியது. மூன்றாவது சி (C). பட்டுச் சுரப்பியின் செல் சவ்வில் உட்கார்ந்து லூட்டீனை உள்ளே விடும் கேமியோ2 என்ற புரதத்தைத் தருவது இதன் வேலை. அது 2010-ல் தெரிந்தது.

ஆக, வெள்ளைக்கூடு என்று நாம் சொல்வது குறைந்தது மூன்று வகை. வெளியே மூன்றும் ஒரே வெள்ளை.

மலையடிவாரத்தில் வளர்ப்பு மனை வைத்திருந்த இரண்டு மாணவிகள் இரண்டு வெள்ளை வம்சங்களைக் கலந்தார்கள். சந்திரிகையில் (புழு கூடு கட்ட வைக்கும் தட்டு) கட்டிய கூடெல்லாம் மஞ்சள். "சார், முட்டை கலந்துபோச்சு" என்று பதறினார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் அனுபவசாலி என்று பெயரெடுத்த ஒருவர் "கலப்படம்தான், தூக்கிப் போடுங்கம்மா" என்று சொல்லிவிட்டார். அத்தனை கூட்டையும் கொதிநீரில் போட்டுவிட்டார்கள். கலப்படமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு வம்சத்தில் ஒய் பழுது, இன்னொன்றில் சி பழுது. கலந்ததும் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டியது. பாடப்புத்தகத்தில் போடத் தகுந்த முடிவு அது. அந்துப்பூச்சி வெளிவந்து அடுத்த தலைமுறை முட்டையிட்டிருந்தால் 9 மஞ்சளுக்கு 7 வெள்ளை என்று பிரிந்திருக்கும். பிள்ளைகள் பயந்ததில் எனக்கு வருத்தமில்லை. பார்க்காமலே கலப்படம் என்று தீர்ப்பு சொன்னதுதான் இன்னமும் எரிச்சலாக இருக்கிறது.

பார்ப்பது கஷ்டமும் இல்லை. கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசிப் பருவமான ஐந்தாம் பருவத்துப் புழுவின் வயிற்றுக் காலில் ஊசியால் லேசாகக் குத்தி, வருகிற ஒரு துளியை வெள்ளை டைல்ஸ் மேல் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் கறுக்க ஆரம்பித்துவிடும், அதனால் உடனே பார்க்க வேண்டும். மஞ்சளாக இருந்தும் கூடு வெள்ளை என்றால் நிறமி இரத்தம் வரை வந்துவிட்டது, சுரப்பிக்குள் போகவில்லை; சி-யைச் சந்தேகியுங்கள். துளி நிறமில்லாமல் இருந்தால் ஒய் அல்லது ஐ. சரி, அந்த இரண்டை எப்படிப் பிரிப்பது? சுத்த மஞ்சள் வம்சத்தோடு கலந்து பாருங்கள். பிள்ளைகள் மஞ்சள் கட்டினால் ஒய் பழுது. வெள்ளையே கட்டினால் ஐ தடுக்கிறது. கலப்பதற்கு முன்பே இரண்டு வம்சத்துக்கும் இதைச் செய்து நோட்டில் எழுதிவிட வேண்டும்.

60 கூட்டை எண்ணி விகிதம் சொல்வது

குணங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் பிள்ளைகளுக்குப் பிரியும் என்ற மென்டல் விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதைப் பட்டுப்புழுவை வைத்து ஜப்பானிய ஆய்வாளர் டோயாமா கமேதாரோ 1906-ல் எழுதினார். அவர் பெயரைச் சொல்லிவிட்டு 60 கூட்டை எண்ணுவது சரியில்லை. 34 மஞ்சள், 26 வெள்ளை என்றால் அது 9:7-ஆ, பாதிக்குப் பாதியா என்று சொல்லவே முடியாது. ஒரு தாய் இடும் 400 முட்டையையும் வளர்த்து 225-க்கு 175 வந்தால் சொல்லலாம். பாதியில் செத்த புழுக்களின் கணக்கையும் கூடவே வையுங்கள்.

கலப்பினக் கூட்டிலிருந்து வித்து (அடுத்த வளர்ப்புக்கான முட்டை) எடுப்பது

வேண்டாம். பியூர் மைசூர் ரகத்தையும் வெள்ளைக்கூட்டு ரகமான சிஎஸ்ஆர்2-வையும் கலந்து வந்த மஞ்சள் கூடு, அடுத்த தலைமுறையில் பல நிறமாகக் கலைந்துபோகும்.

பச்சையை மஞ்சளில் சேர்ப்பது

பச்சைக்கூட்டின் நிறம் ஃபிளேவனாய்டு. அதன் வழியும் வேறு, மரபணுவும் வேறு. நோட்டில் தனி வரிசை போட்டு எண்ணுங்கள்.

சாயம் ஊட்டிய கூடு

இலையோடு சாயம் ஊட்டி வந்த நிறம் மரபியல் அல்ல.

இலையை மறப்பது

நிறமி இலையிலிருந்து வருகிறது என்றால், இலை மாறினால் நிறமும் மாறும். ஒரு குடும்பத்துக்குக் வி1 என்ற மல்பெரி ரகத்தின் கொழுந்து இலையும் இன்னொன்றுக்குப் பழுத்து மஞ்சளித்த இலையும் போட்டுவிட்டு, வெளிர் மஞ்சளுக்குப் புது மரபணு தேடாதீர்கள். ஒரே தோட்டம், ஒரே முதிர்ச்சி.

நூலைப் பார்த்து நிறம் எழுதுவது

மஞ்சள் இருப்பது பெரும்பாலும் செரிசினில். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்து பசை நீக்கினால் நிறமும் கூடவே போய்விடும். மஞ்சள் கூட்டு நூலும் வெளுத்துத்தான் வரும். வெயில் பட்டாலும் கேரோட்டினாய்டு மங்கும். ஆகவே கூட்டை அறுவடை செய்த அன்றே, நிழலில் வைத்து, வெளி அடுக்கின் நிறத்தை ஒரு முறையும் கூட்டை வெட்டித் திறந்து உள் அடுக்கின் நிறத்தை ஒரு முறையும் எழுதிவிடுங்கள். உள்ளும் வெளியும் ஒரே நிறமாக இல்லாத கூடுகள் நிறைய வரும்.