சித்தியின் பெயரைச் சட்டையில் அச்சடிக்கும் முன்

"இது இறந்தவங்களுக்குப் போடுறது இல்லையா?" என்று சித்தி கேட்டபோது எங்கள் யாருக்கும் பதில் வரவில்லை.

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் 22 இளஞ்சிவப்புச் சட்டைகள் சோபாமேல் அடுக்கியிருந்தன. மார்பகப் புற்றுநோய்க்கு நிதி திரட்டும் ஓட்டத்தில் குடும்பமாகக் கலந்துகொள்ள, அவருக்குத் தெரியாமல் நாங்களே செய்த ஏற்பாடு அது. முதுகில் அவருடைய படம், கீழே 'எங்கள் சித்தியின் நினைவாக ஓடுகிறோம்' என்ற வரி. ஆங்கிலத்தில் யோசித்த வரியைத் தம்பி அவசரமாகத் தமிழாக்கி அச்சுக்கு அனுப்பியிருந்தான். வாட்ஸ்அப் குழுவில் மாதிரி வந்தபோது நான் உட்பட எல்லாரும் இதயப் படம் போட்டோம், யாரும் படித்துப் பார்க்கவில்லை. படமும் ஐந்து வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் எடுத்தது. இடுப்பு வரை பின்னல், அதில் மல்லிகைச் சரம். சித்திக்குச் சிகிச்சை முடிந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது, தலையில் முடி ஒரு விரற்கடைகூட வளரவில்லை. சட்டையை எடுத்து, அந்தப் பின்னலைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். மடித்து வைத்துவிட்டு, "காப்பி போடவா?" என்று எழுந்து போனார்.

நான்கு வருடம் ஆகிறது. அதற்கப்புறம் ஒவ்வோர் ஆண்டும் ஓடுகிறோம். தெரிந்த குடும்பங்கள் முதன்முறையாகப் பதிவு செய்யும்போது என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். பெரும்பாலும் முதல் கேள்வி காலணியைப் பற்றியதாகத்தான் இருக்கும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "யாருக்காக ஓடுறீங்களோ, அவங்ககிட்ட சொல்லியாச்சா?"

கேட்காமல் செய்வது

நம் வீடுகளில் இந்த நோயை எல்லாரிடமும் சொல்லிவிடுவதில்லை. அலுவலகத்தில் தெரியாது, சம்பந்தி வீட்டில் தெரியாது, மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பதால் கோயிலில் பார்ப்பவர்களிடமும் சொல்லவில்லை என்று இருக்கும். ஒரு பெண் யாரிடம் எவ்வளவு சொல்வது என்று மாதக்கணக்கில் யோசித்துக் கட்டிக் காத்ததை, நாம் பாசத்தில் போடும் ஒரே ஒரு ஃபேஸ்புக் பதிவு உடைத்துவிடும். அதனால் பெயர், படம், நோய் விவரம் மூன்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள். 'பெயர் போடலாம், படம் வேண்டாம்' என்று சொல்பவர்கள் நிறைய பேர். படம் போடலாம் என்றால், எந்தப் படம் என்பதையும் அவரே எடுத்துக் கொடுக்கட்டும்.

தவறியவருக்காக ஓடுகிறீர்கள் என்றால் அவருடைய கணவர், பிள்ளைகளிடம் கேட்க வேண்டும். அவர்கள் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். துக்கம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேகத்தில்தான் இறங்கும். தாயை இழந்த பையன் முதல் வருடம் ஓட வரமாட்டான், மூன்றாம் வருடம் அவனாகவே வந்து நிற்பான். நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வார்த்தை. தமிழில் 'நினைவாக' என்றாலே மறைந்தவர்தான். நாளிதழில் நினைவஞ்சலிப் பக்கம் பார்த்து வளர்ந்த நமக்கு அது வேறு எதையும் சொல்லாது. இருப்பவருக்கு 'அத்தைக்காக', 'அம்மாவோடு' என்று எளிமையாக எழுதினாலே போதும். அமெரிக்காவில் சூசன் ஜி. கோமன் அமைப்பு 1983இல் டல்லஸ் நகரில் 800 பேரோடு தன் முதல் ஓட்டத்தை நடத்தியது. 36 வயதில் இந்த நோயால் இறந்த அக்காவுக்குக் கொடுத்த வாக்குக்காக நேன்சி பிரிங்கர் என்ற தங்கை தொடங்கிய அமைப்பு அது. அவர்களுடைய ஓட்டங்களில் முதுகில் குத்திக்கொள்ளும் தாளில் 'நினைவாக' என்று ஒரு வகை, நலமாக இருப்பவரைக் கொண்டாட இன்னொரு வகை என்று பிரித்தே எழுதுவார்கள். எங்கள் வீட்டுக்கு அது முன்பே தெரிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

'நோயோடு போராடித் தோற்றார்' என்றும் எழுத வேண்டாம். அவர் எதிலும் தோற்கவில்லை. சிகிச்சைக்கு நோய் கட்டுப்படவில்லை, அவ்வளவுதான். அந்த வரியைப் படிக்கும் கூட்டத்தில் இப்போது சிகிச்சையில் இருப்பவரும் நின்றுகொண்டிருப்பார்.

பணம் எங்கே போகிறது என்று பார்க்காமல் இருப்பது

இளஞ்சிவப்பு நாடா யார் வேண்டுமானாலும் அச்சடிக்கக்கூடியது. ஓட்டத்தின் பெயரில் 'பிங்க்' இருப்பதால் மட்டும் பணம் நோயாளிகளுக்குப் போகும் என்று இல்லை. எந்த அறநிறுவனத்துக்குப் போகிறது, கட்டணத்தில் எவ்வளவு போகிறது என்று பதிவுப் பக்கத்தில் தேடுங்கள். எழுதியிருக்கவில்லை என்றால் ஏற்பாட்டாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். நிறுவனம் பதிவு பெற்றதா என்பதை அறநிறுவன ஆணையரின் இணையவாசலில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கம் 1964 முதல் இருக்கிறது, எல்லா வகைப் புற்றுநோய்க்கும் உதவுகிறது. 1997இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் அறநிறுவனம் இந்த ஒரு நோய்க்கென்றே இயங்குகிறது. இரண்டின் வேலையும் வேறு வேறு. உங்கள் வீட்டில் எந்த உதவி கிடைக்காமல் தவித்தீர்களோ, அதைச் செய்யும் இடத்துக்குக் கொடுங்கள்.

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் பேநவ் என்ற கைப்பேசிப் பணமாற்று வசதி. "எனக்கு அனுப்புங்க, நான் மொத்தமா கட்டிடுறேன்" என்று சொந்தக் கணக்கில் வாங்கிவிடுகிறார்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனால் ஆறு மாதம் கழித்து யாராவது ரசீது கேட்டால் உறவு கசந்துவிடும். கிவிங்.எஸ்ஜி தளத்தில் தனிநபரே ஓர் அறநிறுவனத்துக்காக நிதி திரட்டும் பக்கம் தொடங்கலாம், பணம் நேராக அங்கேயே சேரும். பொதுநன்மைத் தகுதி பெற்ற அமைப்பாக இருந்தால் கொடுப்பவருக்கு இப்போது 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு. 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தால், வரி கணக்கிடும் வருமானத்தில் 250 வெள்ளி குறையும். அடையாள அட்டை எண்ணைச் சரியாகக் கொடுத்திருந்தால் நிறுவனமே வரி ஆணையத்துக்குத் தெரிவித்துவிடும். சட்டை, பதக்கம் எல்லாம் சேர்ந்த பதிவுக் கட்டணத்தை முழு நன்கொடை என்று நினைத்து வரிக்கழிவு எதிர்பார்க்காதீர்கள். அடுக்குமாடி வீடுகளில் புளோக் புளோக்காகவோ தெருவிலோ உண்டியல் ஏந்துவதற்கு உரிமம் வேண்டும், ஆகவே அந்த யோசனையை விட்டுவிடுவது நல்லது.

அப்புறம் சட்டை. எங்கள் 22 சட்டைக்கு ஒன்று 18 வெள்ளி வீதம் 396 வெள்ளி ஆனது. அந்த வருடம் நாங்கள் திரட்டிய நன்கொடை 640 வெள்ளி. அறநிறுவனங்கள் நிதி திரட்டும் செலவை, திரளும் நன்கொடையில் 30 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இங்குள்ள விதி. குடும்பங்களுக்கு அப்படி விதி இல்லை. ஆனாலும் அந்தக் கணக்கை எங்கள்மேல் வைத்துப் பார்த்தபோது 192 வெள்ளியோடு நின்றிருக்க வேண்டும் என்று தெரிந்தது. இப்போது அவரவர் வீட்டில் இருக்கும் ஏதாவது இளஞ்சிவப்புச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வருகிறோம்.

வெயிலையும் உடம்பையும் குறைத்து எடை போடுவது

உணர்ச்சி வேகத்தில் 10 கிலோமீட்டருக்குப் பதிவு செய்துவிடுவார்கள். என் மாமாவுக்கு 58 வயது. வாரத்தில் ஒருநாள்கூட நடக்காதவர், "அவளுக்காக இதுகூடவா செய்யமாட்டேன்" என்று பத்துக்கே பெயர் கொடுத்தார். ஆறாவது கிலோமீட்டரில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் கரையோரம் உட்கார்ந்துவிட்டார், உதடு வெளுத்துக் கை நடுங்கியது. தொண்டர்கள் ஐஸ் வைத்து, நிழலில் படுக்க வைத்துத் தேற்றினார்கள். ஓடிப் பழக்கமில்லாதவர் எட்டு வாரத்துக்கு முன்பே வீட்டுக்குப் பக்கத்துப் பூங்கா இணைப்புப் பாதையில் நடக்க ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டத்தைக் கலந்தால் 5 கிலோமீட்டர் சுகமாக முடியும். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

நம் ஊர் வெயிலைவிட ஈரப்பதம்தான் ஆளைச் சாய்க்கும், வியர்வை காயாது. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஈஎன்வி செயலியில் வெப்ப அழுத்த அளவு பார்க்கலாம். 31 டிகிரிக்குக் கீழே குறைவு, 31 முதல் 33 வரை நடுத்தரம், 33 எட்டினால் அதிகம். இது சாதாரண வெப்பநிலை இல்லை, ஈரப்பதம், காற்று, வெயில் எல்லாம் சேர்ந்த அளவு என்பதால் 31 என்பதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். புகைமூட்டம் வரும் வருடங்களில் காற்றுத்தரக் குறியீட்டையும் பாருங்கள், 100ஐத் தாண்டினால் ஓட்டம் வேண்டாம். இடி மின்னல் எச்சரிக்கையால் நிறுத்தி வைத்தால் ஏற்பாட்டாளரோடு சண்டைக்குப் போகாமல் கூரைக்குக் கீழே நில்லுங்கள்.

பருத்திச் சட்டை நனைந்து கனக்கும். ஞாயிற்றுக்கிழமை முதல் எம்ஆர்டி ரயில் வார நாளைவிடத் தாமதமாகத்தான் வரும், விடியற்காலை ஓட்டத்துக்கு அதை நம்பிக் கிளம்ப முடியாது. இன்னொன்று நம் ஆட்களுக்கே உரியது. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் அக்டோபர், அதன் முதல் பாதி புரட்டாசியில் விழுகிறது. சனிக்கிழமை ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதமிருந்து, மறுநாள் காலை வெறும் வயிற்றில் ஓடி மயங்கியவர்களைத் தெரியும். விரதம் முடித்ததும் நன்றாகத் தண்ணீர் குடித்து, இரவு நாலு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். காலையில் ஒரு வாழைப்பழம்.

அவரே கூட வரும்போது

சிகிச்சை பெற்றவர் 'நானும் வருகிறேன்' என்றால் அதைவிடச் சந்தோஷம் இல்லை. அவரைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வீட்டில் உட்கார வைப்பது ஒரு தவறு, எல்லாரும் சேர்ந்து உற்சாகப்படுத்தி இழுத்துக்கொண்டு ஓடுவது இன்னொரு தவறு. மருத்துவர் சரி என்றால், தூரத்தை அவரே முடிவு செய்யட்டும்.

அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களுக்கும் அங்கே கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் அந்தப் பக்கத்துக் கை வீங்க வாய்ப்புண்டு. உடற்பயிற்சி செய்யக் கூடாது என்று அர்த்தமில்லை, படிப்படியாகக் கூட்ட வேண்டும். மோதிரம் இறுகுவது, கை கனமாகத் தோன்றுவது தெரிந்தால் மெதுவாக்கிவிட்டு, பிறகு மருத்துவரிடமோ இயன்முறைச் சிகிச்சையாளரிடமோ காட்ட வேண்டும். அழுத்த உறை போடச் சொல்லியிருந்தால் அன்றைக்கும் போட வேண்டும். பையை அந்தத் தோளில் மாட்டவிடாதீர்கள், நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். கீமோவுக்குப் பிறகு சிலருக்குப் பாதம் மரத்துப்போகும், மேடுபள்ளம் தெரியாது. பக்கத்தில் ஒருவர் நடந்தால் போதும். கீமோ நடந்துகொண்டிருக்கும் வாரங்களில் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும், ஆயிரக்கணக்கானோர் கூடும் இடம் அப்போது உகந்ததா என்று சிகிச்சைக் குழுவிடம் கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள். முடியாவிட்டால் வீடியோ அழைப்பில் வரட்டும்.

ஓடிவிட்டு மறந்துவிடுவது

என்னை உறுத்துவது இதுதான். மூன்று வருடம் எங்களோடு ஓடிய என் பெரியப்பா மகளுக்கு 52 வயது. மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே ஒருமுறைகூட எடுத்ததில்லை. "வலிக்குமாமே", "தீபாவளி முடியட்டும்" என்று தள்ளிக்கொண்டே இருந்தார். சிங்கப்பூர்ப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் இதுதான், அதற்காகவே 2002இலிருந்து தேசியப் பரிசோதனைத் திட்டம் நடக்கிறது. 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 40 முதல் 49 வயது வரை மருத்துவரிடம் பேசிவிட்டு ஆண்டுக்கு ஒருமுறை. 50 வயதிலிருந்து மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கின் பணத்தையும் பயன்படுத்தலாம். அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ வந்திருந்தால் 40 வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். மாதவிலக்கு முடிந்த ஒரு வாரத்தில் சுயபரிசோதனை செய்வதற்கு அதிக நேரம் ஆகாது. ஆண்களுக்கும் அரிதாக வரும், கட்டி தென்பட்டால் வெட்கப்படாதீர்கள்.

இப்போது எங்கள் குழுவில் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கும்போதே 40 வயதைத் தாண்டிய பெண்கள் மேமோகிராம் தேதியையும் சொல்லிவிட வேண்டும். பெரியப்பா மகளை நானே பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போனேன். வெளியே வந்தவர், "அழுத்தும்போது கொஞ்சம் வலிச்சுது, எண்ணிப் பத்துக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார்.

அந்த 22 சட்டைகளை நாங்கள் தூக்கிப் போடவில்லை. அம்மாவும் நானும் இரண்டு இரவு உட்கார்ந்து, தேக்காவில் வாங்கிய இளஞ்சிவப்புத் துணியைச் சதுரமாக வெட்டி, படத்தையும் வரியையும் மூடித் தைத்தோம். மேலே என்ன எழுதுவது என்று சித்தியிடமே கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்தார். "நான் ஓட மாட்டேன், ரெண்டு கிலோமீட்டர் நடப்பேன். அதையே எழுதுங்க" என்றார். துணியில் எழுதும் பேனாவால் தம்பிதான் 22 சட்டையிலும் 'சித்தியோடு நடக்கிறோம்' என்று எழுதினான். இந்த முறை போட்டுக்கொள்ளுமுன் எல்லாரும் படித்துப் பார்த்தோம். அன்று சித்தி இரண்டு கிலோமீட்டரை 41 நிமிடத்தில் நடந்து முடித்தார், நடுவில் இரண்டு முறை பெஞ்சில் உட்கார்ந்து.