கன்னிமாரா தேக்கைப் பார்க்கப் போவது எப்படி? முதல் தடவை போகிறவர்களுக்கு

பரம்பிக்குளம் காட்டுக்குள் ஒரு தேக்கு நிற்கிறது. சுற்றளவு சுமார் 7 மீட்டர், உயரம் 40 மீட்டரை ஒட்டி. வயது 450-க்கு மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்தக் கணக்குப்படி, மதுரையில் திருமலை நாயக்கர் மகால் எழும்பிய 1636-லேயே இது அறுபது வயதைத் தாண்டிய மரம். 1994-95-ல் மத்திய அரசு இதற்கு மகாவிருட்ச புரஸ்கார் விருது கொடுத்தது.

பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பலர். ஆனால் முதல் தடவையிலேயே ஒழுங்காகப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் குறைவு. நானும் அப்படித்தான் ஒரு தடவை ஏமாந்து திரும்பினேன். அதை மூன்றாம் படியில் சொல்கிறேன்.

படி 1: மொட்டை மாடியில் ஒரு கயிறு

கிளம்புவதற்கு முந்தின நாள் 7 மீட்டர் கயிறு எடுத்து மொட்டை மாடியில் வட்டமாகப் போடுங்கள். குறுக்களவு இரண்டேகால் மீட்டர் கிட்ட வரும். எங்கள் வீட்டு ஒற்றைக் கட்டில் அந்த வட்டத்துக்குள் அடங்கிவிட்டது. ஐந்து பேர் கைகோத்தால்தான் இதைச் சுற்ற முடியும். விளையாட்டு மாதிரித் தெரியும், ஆனால் செய்துவிட்டுப் போங்கள். காட்டுக்குள் சுற்றிலும் எல்லாமே பெரிசு. கண்ணுக்கு ஓர் அளவு பழகாமல் போனால், "ஓ, பெரிய மரம்தான்" என்பதோடு முடிந்துவிடும்.

படி 2: பருவம்

மார்ச்சில் போகாதீர்கள். தேக்கு இலையுதிர்க்கும் மரம். கோடையில் கிளை மட்டும்தான் நிற்கும். காட்டுத்தீ பயம் வந்தால் காட்டையே மூடிவிடுவதும் உண்டு. மழைக்காலத்தில் இலை செழிப்பாக இருக்கும், உச்சியில் வெள்ளைப் பூங்கொத்துகூடத் தெரியலாம். கூடவே அட்டையும் இருக்கும். என் தேர்வு அக்டோபர் முதல் டிசம்பர் வரை.

படி 3: வழி, அதிலுள்ள பொறி

மரம் இருப்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில். சாலையோ தமிழ்நாட்டு வழியாகத்தான். பாலக்காட்டுக்காரர்களே நம் எல்லைக்குள் வந்துதான் தங்கள் காட்டுக்குப் போகிறார்கள். பொள்ளாச்சி, ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை, டாப்சிலிப், அதைத் தாண்டி ஆனப்பாடி. இதுதான் வரிசை.

சேத்துமடையில் தமிழக வனத்துறை சோதனைச் சாவடி, ஆனப்பாடியில் கேரள வனத்துறை. இரண்டு இடத்திலும் தனித்தனிக் கட்டணம். இது தெரியாமல்தான் நான் மாட்டினேன். டாப்சிலிப்பில் வேன் சவாரிக்கு டிக்கெட் வாங்கி, மரத்துக்குத்தான் போகிறது என்று நம்பி ஏறி உட்கார்ந்தேன். அந்தச் சவாரி ஆனைமலைக் காட்டுக்குள் சுற்றிவிட்டுத் திரும்பும். கன்னிமாராவுக்குப் போகிற வண்டி ஆனப்பாடியிலிருந்துதான் கிளம்பும்.

பொள்ளாச்சியிலிருந்து பரம்பிக்குளத்துக்கு அரசுப் பேருந்தும் உண்டு, ஆனால் விரல் விட்டு எண்ணிவிடலாம். நேரத்தை நிலையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பைக்கில் போகலாமா என்று கேட்காதீர்கள், விட மாட்டார்கள். கட்டணமும் சொந்த வண்டி விதியும் அடிக்கடி மாறுவதால் பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்தின் இணையதளத்தில் பார்த்து, அங்கேயே முன்பதிவு செய்துவிடுங்கள். சனி, ஞாயிறில் நேரே போய் நின்று இடமில்லாமல் திரும்பியவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடையாள அட்டை அவசியம். பிளாஸ்டிக் வேண்டாம். போன் சிக்னலை நம்பாதீர்கள்.

படி 4: போகிற வழியில் தோட்டத் தேக்கைப் பாருங்கள்

இதைத் தவறவிடாதீர்கள். டாப்சிலிப் என்ற பெயரே வெட்டிய மரங்களை மலை உச்சியிலிருந்து கீழே சரித்துவிட்டதால் வந்ததுதான். பரம்பிக்குளத்து மரத்தைச் சாலக்குடிக்கு இறக்க 1907-லிருந்து டிராம் பாதையே ஓடியிருக்கிறது. அப்படி வெட்டிய இடங்களில் பிறகு நட்ட தேக்குகள், சாலையோரம் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கும். ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி தேக்கை மறுபடி வளர்த்தெடுக்கப் பாடுபட்டவர், 1933-ல் இறந்தார். அவர் கல்லறை டாப்சிலிப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அந்த வரிசை மரங்களை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தூணக்கடவு அணைப் பக்கம் போனபின் கன்னிமாரா முன்னால் இறங்கும்போது, கோடாலிக்குத் தப்பிய ஒன்று எப்படியிருக்கும் என்று தெரியும்.

படி 5: மரத்தடியில்

சவாரி மூன்று மணி நேரத்துக்கு மேல் போகும். மரத்தடியில் நமக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். எங்களுக்குக் கால் மணி நேரம் கிடைத்தது. இறங்கியதும் எல்லோரும் போனை எடுப்பார்கள். நீங்கள் எடுக்காதீர்கள். முதலில் அடிமரத்தைப் பாருங்கள். வயதான தேக்கின் அடி உருண்டையாக இருக்காது, சேலைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். அப்படியே மேலே பார்வையை ஏற்றுங்கள். கழுத்து வலிக்கும்.

பிறகு படம். முழு மரமும் ஒரே சட்டத்துக்குள் அடங்காது. போனைப் படுக்கையாகப் பிடித்துப் பனோரமாவை வைத்துக் கீழிருந்து மேலாக மெதுவாக நகர்த்துங்கள். பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துங்கள், இல்லையென்றால் படத்தில் ஏதோ ஒரு மரம்தான் இருக்கும். தொடலாமா என்று வழிகாட்டியைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

மரத்தின் கதையையும் அவரிடமே கேளுங்கள். வெட்டப் போனபோது மரத்திலிருந்து ரத்தம் பீறிட்டதாம். அன்றிலிருந்து கன்னிமரம் என்று இங்குள்ள ஆதிவாசிகள் கும்பிடுகிறார்களாம். எங்கள் கொங்குப் பக்கத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் கன்னிமார் சாமி உண்டு. அதனால் இந்தப் பெயர் எனக்கு முதல் தடவையே அந்நியமாகப் படவில்லை.

படி 6: இறங்கி வரும்போது

காப்பகத்துக்குள் ஓர் இலைகூடப் பறிக்கக் கூடாது. சேத்துமடையைத் தாண்டித் தோப்புகள் வந்ததும், வேலியோரம் தேக்கு இருந்தால் தோட்டக்காரரிடம் கேட்டு ஒரே ஒரு இளந்தளிர் வாங்கிக்கொள்ளுங்கள். முற்றிய இலை உப்புத்தாள் மாதிரிச் சொரசொரக்கும், அது வேண்டாம். தளிரை உள்ளங்கையில் வைத்து நன்றாகக் கசக்குங்கள். சாறு ரத்தச் சிவப்பில் வரும்.

வெள்ளைச் சட்டையில் துடைத்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவியும் என் விரலிடுக்கில் அன்று ராத்திரி சாப்பிடும்வரை இருந்தது.