அரிசியில் வண்டா? கடைப் பையிலிருந்து பேணி வரை

போன வருடம் புறக்கோட்டையில் மலிவாகக் கிடைத்ததென்று பத்துக் கிலோ நாட்டரிசி வாங்கி, சாக்கோடு மூலையில் வைத்தேன். ஒரு மாதம் கழித்துச் சுளகில் கொட்டினால் கபில நிற வண்டுகள் விளிம்பைத் தேடி ஓடுகின்றன. புடைத்துக் கட்டி வைத்தேன். மூன்று கிழமையில் அதே கதை.

பெண் வண்டு தன் நீண்ட மூக்கால் மணியைத் துளைத்து, ஒரு முட்டையிட்டு, பசைபோன்ற ஒன்றால் துளையை அடைத்துவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, கொழும்புச் சூட்டில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். புடைத்தால் போவது வெளியே நிற்பவை மட்டும். ஆகவே வாங்கிய அன்றே தொடங்குங்கள்.

1. பாருங்கள். ஒரு பிடியை வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். மணியில் ஊசித்துளை, அடியில் மாவுத்தூள் என்றால் வண்டு. மணிகள் நூலால் கோத்ததுபோல ஒட்டியிருந்தால் அந்துப்பூச்சியின் புழு. பயறு, கௌபியின் தோலில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அவை பயறு வண்டின் முட்டைகள், வாங்காதீர்கள்.

2. பிரீசரில் வையுங்கள். ஒவ்வொரு கிலோவாகப் பையில் இறுகக் கட்டி, -18 பாகையில் குறைந்தது 4 நாள். நான் ஒரு கிழமை விடுவேன். பெரிய பையென்றால் நடுப்பகுதி குளிரவே நாளெடுக்கும்.

வெளியே எடுத்ததும் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். நம்மூர் ஈரக்காற்றில் பை வியர்க்கும். திறந்தால் அந்த ஈரம் அரிசியில் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். குளிர் போய், பையின் வெளிப்புறம் காய்ந்தபிறகு திறவுங்கள்.

பிரீசரில் இடமில்லையா? சரி, இரண்டு கிழமைக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள்.

3. பேணியில் அடையுங்கள். பழைய தூள் ஒட்டியிருக்கும் மூலைகளைக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். ரப்பர் வளையமுள்ள மூடி நல்லது. விளிம்புவரை நிரப்பினால் உள்ளே காற்று குறையும். பழைய அரிசியின் மேல் புதியதைக் கொட்டவே வேண்டாம்.

செத்தல் மிளகாயும் வேப்பிலையும் போடலாம், தீங்கில்லை. ஆனால் மணிக்குள் இருக்கும் புழுவை அவை ஒன்றும் செய்யா. களஞ்சியங்களில் வைக்கும் பூச்சி மாத்திரையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வரும் பொஸ்பீன் வாயு மனிதரையும் கொல்லும்.

ஏற்கெனவே வண்டு விழுந்த அரிசியா? கழுவும்போது வண்டும் கோறையான மணியும் மிதக்கும், தண்ணீரோடு வார்த்துவிடுங்கள். பூஞ்சண மணம் அடித்தால்தான் எறிய வேண்டும்.