தான்சானியாவில் தன்னார்வப் பணி: பயிற்சியிலும் சாப்பாட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து தான்சானியா போகிறவர்களுக்கு அங்குள்ள சாப்பாடு அவ்வளவு அந்நியமாகத் தெரியாது. நம் கேழ்வரகுக்கு அங்கே உலேசி என்று பெயர். அதில் காய்ச்சும் உஜி நம்ம கூழேதான். மக்காச்சோள மாவில் கிண்டும் உகாலி பார்ப்பதற்கு வெள்ளைக் களி. ஆனால் 'நம்ம ஊர் மாதிரியே இருக்கே' என்ற அந்த நினைப்பில்தான் பல தவறுகள் நடக்கின்றன.

பெட்டி நிறைய கேழ்வரகு மாவு கட்டிக்கொண்டு போகாதீர்கள். உலேசி சந்தையிலேயே கிடைக்கும், புளியும் கிடைக்கும். உஜிக்கென்று விற்கும் மாவில் சோயா, நிலக்கடலை கலந்திருக்கலாம். அதில் களி சரியாக வராது. தானியமாக வாங்கி மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். பெருங்காயம், ரசப்பொடி மட்டும் சீல் வைத்த பாக்கெட்டில் போதும்.

அதிகம் கவனிக்க வேண்டியது மஹராகே என்கிற ராஜ்மா வகைப் பயறு. வீட்டில் எல்லாவற்றையும் குக்கரில் வைத்துப் பழகியவர்கள், அங்கே கரி அடுப்பில் மெல்லிய தணலில் வேகவைத்து, பாதி வெந்ததும் இறக்கிவிடுகிறார்கள். இந்தப் பயறில் இயற்கையாகவே ஒரு நச்சுப்பொருள் உண்டு. குறைந்த சூட்டில் அது அழியாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவிடுங்கள். அதன்பின் தணலைக் குறைத்து மசிய வேகவையுங்கள். மழைக்காக அந்தக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது உயிருக்கே ஆபத்து: கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

மரவள்ளிக்கிழங்கிலும் அந்தப் பயறு போலவே நச்சு உண்டு. கசப்பு வகையில் சயனைடாக மாறும் பொருள் அதிகம். பச்சையாகக் கடிக்கவே கூடாது. எந்த வகை என்று தெரியாவிட்டால், தங்கியிருக்கும் வீட்டு அம்மாவிடம் கேட்காமல் சமைக்காதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் மட்டும் போதாது. கோழி, மீன் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். கீரையில் டகா என்ற பொடிக் கருவாடு போட்டிருக்கலாம்.

பயிற்சியில் பலர் தடுமாறும் இடம் கடிகாரம். அந்நாட்டு மொழியான சுவாஹிலியில் மணி எண்ணுவது சூரிய உதயத்திலிருந்து. நம் காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. 'காலை 2 மணிக்கு வகுப்பு' என்றால் 8 மணிக்குப் போக வேண்டும். 6 மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் எந்தக் கணக்கு என்று கேட்டுவிடுங்கள்.

பயிற்சியாளர்கள் ஆங்கிலம் பேசுகிறார்கள் என்று மொழி வகுப்பை விட்டுவிடாதீர்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பாடமே சுவாஹிலியில்தான். பெரியவர்களைப் பார்த்தால் 'ஷிகமோ' என்று வணங்க வேண்டும். 'மரஹபா' என்று பதில் வரும். சம வயதுக்காரர்களிடம் கற்ற 'மம்போ'வைத் தலைமையாசிரியரிடம் சொன்னால் மரியாதைக் குறைவு. நலம் விசாரிக்காமல் நேரே வேலைப் பேச்சை எடுப்பதும் அப்படியே.

கடைசியாக, மலேரியா. 'கொசு நம்ம ஊரிலும்தான் இருக்கு' என்று தடுப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள். அங்கே பெரும்பாலும் உயிரைப் பறிக்கும் ஃபால்சிபாரம் வகை. மருத்துவர் டாக்ஸிசைக்ளின் எழுதியிருந்தால், கிளம்புவதற்கு 1–2 நாள் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் 4 வாரம் விடாமல் போட வேண்டும். சாப்பிட்டபின் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுக்காதீர்கள். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். ஊர் திரும்பி மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், தான்சானியாவில் இருந்ததை மருத்துவரிடம் முதலில் சொல்லி அன்றே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.