அந்தக் காலத்து ஜெர்மன் பிரபுங்களோட நெலத் தகராறப் படிக்கிறது எப்படி

வேலூர் பக்கம் நெலம் வாங்கப் போனா மொதல்ல தாய்ப்பத்திரம் எங்கன்னுதான கேப்போம், இங்கயும் அதே கேள்விதான். யாரு புள்ள யாரு பேரன்னு வம்சத்துலருந்து ஆரம்பிச்சா தல சுத்திடும், பாதிப் பேருக்கு ஒரே பேரு வேற.

மொதல்ல நெலம் எந்த வகைன்னு பாருங்க. அல்லோட்னா குடும்பத்தோட சொந்த நெலம், பொண்ணுக்கும் போகலாம். லேஹன்னா சேவகத்துக்காக மேல இருக்கறவர் குடுத்தது, நம்ம ஆரணி ஜாகீர் கணக்கா வெச்சுக்கங்க, ஆம்பள வாரிசு இல்லன்னா பொதுவா குடுத்தவர் கைக்கே திரும்பிடும். பாதி வழக்கு இந்த ஒரு இடத்துலதான் மாட்டும்.

அடுத்து உயிலையும் பங்காளி ஒப்பந்தத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிங்க. பவேரியாவுல லான்ட்ஸ்ஹூட் ஜார்ஜ்னு ஒரு கோமகன், பட்டப்பேரே பணக்காரர்தான், ஆம்பளப் புள்ள தங்கல, 1496ல எல்லாத்தையும் பொண்ணு எலிசபெத் பேருக்கு உயில் எழுதிட்டாரு. 1503 டிசம்பர்ல அவர் செத்ததும் மியூனிக் பங்காளி ஆல்பிரெக்ட் வந்து, ஆண் வாரிசு இல்லன்னா எங்க கிளைக்குத்தான்னு குடும்ப ஒப்பந்தம் இருக்கே, உயில் எப்படிச் செல்லும்னு நின்னுட்டாரு. 1504ல யுத்தம், அந்த வருஷமே எலிசபெத்தும் மாப்ள ருப்ரெக்ட்டும் போயிட்டாங்க, அப்பவும் சண்ட நிக்கல.

பஞ்சாயத்து பண்ணவருக்கு என்ன கெடச்சுதுன்னு கண்டிப்பா பாருங்க, இத நெறைய பேர் விட்டுடுறாங்க. 1505ல இவங்க எல்லாருக்கும் மேல இருந்த ஜெர்மன் ராஜா மாக்ஸிமிலியன் கொலோன் ஊர்ல தீர்ப்பு சொன்னாரு, பெரும்பகுதி ஆல்பிரெக்ட்டுக்கு, அப்பா அம்மாவ எழந்த எலிசபெத் பசங்க ரெண்டு பேருக்கும் நொய்பர்க்க வெச்சு ஒரு தனி நாடு, குஃப்ஸ்டைன், கிட்ஸ்பூயல், ராட்டன்பெர்க்னு மூணு பகுதியும் ராஜாவுக்கே! நல்ல பஞ்சாயத்து போங்க.

அண்ணன் தம்பி பாகம்னா சாக்ஸன் சட்டத்துல ஒரு வழி இருந்துச்சு, மூத்தவன் பிரிக்கணும், இளையவன் புடிச்ச பங்க எடுத்துக்கணும். 1485ல சாக்ஸனில ஏர்ன்ஸ்ட்டும் தம்பி ஆல்பிரெக்ட்டும் (இது வேற ஆல்பிரெக்ட்) பிரிஞ்சப்ப விட்டன்பெர்க் பக்கத்த மட்டும் பங்கு போட முடியல, ஏன்னா அரசரத் தேர்ந்தெடுக்கற உரிமை இருக்கற நாட்ட ஒடைக்கக் கூடாதுன்னு 1356லயே சட்டம், அதனால அது அண்ணனுக்கு.

கோட்டையா இருந்தா எப்படிப் பிரிக்கறது? எல்ட்ஸ் கோட்டையப் பாருங்க, ஒரே மதிலுக்குள்ள ஒரே குடும்பத்தோட மூணு கிளைக்கும் தனித்தனி வீடு இருந்துச்சு. இந்த மாதிரி கூட்டுக் கோட்டைன்னா உள்ள கத்திய உருவக் கூடாதுன்னு ஒரு ஒப்பந்தம் எழுதிப்பாங்க, அதையும் தேடிப் பாத்துடுங்க, யார் யார் முட்டிக்கிட்டாங்கன்னு அதுலயே தெரிஞ்சிடும்.