கிரேக்கத் தீவில் படகு கட்டும்போது சங்கிலியில் கஞ்சத்தனம் வேண்டாம்

கிரேக்கத்தில் வாடகைப் பாய்ப்படகுகள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில்தான் கைமாறுகின்றன. ஏதென்ஸை ஒட்டிய அலிமோஸ் துறையில் படகை வாங்கிக்கொண்டு கிளம்பும் புதியவர்கள், இரண்டொரு நாளில் ஏஜினா, போரோஸ், ஹைட்ரா என்று சரோனிக் வளைகுடாத் தீவுகளில் வந்து குவிவார்கள். அந்த மாலைகளில் கரையோரக் காப்பிக் கடையில் உட்கார்ந்தால் டிக்கெட் இல்லாமலே கூத்துப் பார்க்கலாம். அதில் பாதியை ஒரு காலத்தில் நானும் ஆடியவன். மீதியின் விளைவைப் பக்கத்துப் படகிலிருந்து இன்றும் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

மோதலைத் தாங்கப் படகின் பக்கத்தில் தொங்கும் மெத்தையான ஃபெண்டரைத் தொங்கவிட மறப்பது, கயிற்றை நீரில் விட்டு ப்ரொப்பல்லரில் சுற்றவைப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை ஒரே நாளில் பாடம் கற்பித்துவிடும். செய்தவருக்கே தெரியாமல் வாரக்கணக்கில் தொடரும் தவறுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

முறை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பெரும்பாலான தீவுத் துறைகளில் படகைப் பக்கவாட்டில் கட்ட இடம் கிடையாது. கரைச்சுவருக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். தொலைவிலேயே முன்முனையிலிருந்து நங்கூரத்தை இறக்கி, சங்கிலியை விட்டுக்கொண்டே ரிவர்ஸில் வந்து, பின்முனையின் இரு மூலைகளிலிருந்தும் கரைக்குக் கயிறு கொடுத்து, கடைசியில் சங்கிலியை இறுக்க வேண்டும். இரவெல்லாம் படகைச் சுவரில் மோதவிடாமல் பிடித்திருப்பது அந்த ஒரு நங்கூரம்தான்.

சங்கிலியை மிச்சம் பிடிப்பது

என் பொறுமையைச் சோதிக்கும் தவறு இது. இத்தனை வருடங்களில் கொஞ்சமும் குறையவில்லை.

நங்கூரம் தன் எடையால் படகைப் பிடிப்பதில்லை. தரையில் புதைந்துதான் பிடிக்கிறது. இழுப்பு தரையோடு கிடையாக வந்துகொண்டிருக்கும்வரை அது மேலும் மேலும் புதையும். இழுப்பு மேல்நோக்கித் திரும்பிவிட்டால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். சங்கிலியின் ஒரு பகுதி எப்போதும் கடலடியில் படுத்துக் கிடக்க வேண்டும் என்பது அதனால்தான். ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு சங்கிலி என்பது நான் கடைப்பிடிக்கும் கணக்கு. இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். எந்த ஆழத்தைப் பெருக்குவது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

ஆழமானி 6 மீட்டர் என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல வாடகைப் படகுகளில் அது அடிக்கட்டைக்கு, அதாவது படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கீலுக்கு, கீழே உள்ள நீரை மட்டுமே சொல்லும். 12 மீட்டர் படகின் அடிக்கட்டை ஏறத்தாழ 2 மீட்டர் நீருக்குள் இருக்கும். ஆக உண்மையான ஆழம் 8 மீட்டர். சங்கிலி தொடங்கும் முன்முனையோ நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் மேலே இருக்கிறது. பெருக்க வேண்டிய எண் ஒன்பதரை. ஐந்து மடங்கு என்றால் 47 மீட்டருக்கு மேல் வரும். புதியவர் ஆறை நான்கால் பெருக்கி, 24 மீட்டரை விட்டுவிட்டு, ஏதோ தாராளம் காட்டிய நிறைவோடு கை கழுவப் போய்விடுகிறார்.

தூரக் கணக்கிலும் இதே கதைதான். "சுவரிலிருந்து நான்கு படகு நீளத்தில் நங்கூரத்தைப் போடு" என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். 12 மீட்டர் படகுக்கு அது 48 மீட்டர். ஆனால் கட்டி முடித்த பிறகு அந்த 48 மீட்டரில் படகே 12 மீட்டரை அடைத்துக்கொள்ளும். பின்முனைக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் போகும். சங்கிலிக்கு மிஞ்சுவது 35 மீட்டர் கூட இல்லை. 47 மீட்டர் வேண்டுமென்றால் சுவரிலிருந்து 60 மீட்டர் தள்ளி, அதாவது ஐந்து படகு நீளத்தில், இறக்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் சுவர் வெகுதூரத்தில் தெரியும், நடுத்துறைமுகத்தில் நின்று கோமாளித்தனம் செய்வது போலவும் இருக்கும். அந்தக் கூச்சத்தில்தான் பலர் இன்னும் இருபது மீட்டர் உள்ளே வந்துவிட்டு "இறக்கு" என்கிறார்கள்.

அடுத்தது வேகம். சங்கிலியை இறக்கும் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 30 மீட்டர்தான் விடும். படகு 2 நாட் வேகத்தில் பின்னால் வந்தால் நிமிடத்துக்கு 60 மீட்டருக்கு மேல் நகரும். அப்போது நங்கூரம் புதைவதற்குப் பதிலாகப் படகின் பின்னாலேயே உழுதுகொண்டு வரும். கணக்கில் 45 மீட்டர் விட்டிருப்பீர்கள், நங்கூரமோ 25 மீட்டரில் கிடக்கும். ஒரு நாட் வேகம் போதும். இல்லையென்றால் மோட்டாரின் கிளட்சைத் தளர்த்திச் சங்கிலியைத் தானாக ஓடவிடுங்கள்.

போரோஸில் ஒரு மாலை, என் பக்கத்தில் ஒரு பெரிய படகு வந்து நின்றது. இரண்டு படகு நீளத்தில்தான் நங்கூரத்தைப் போட்டார்கள். எடுத்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன். கேப்டன் நல்ல மனிதர், ஒரு கிளாஸ் ஒயினை நீட்டியபடி, "காற்றே இல்லையே" என்றார். எட்டு மணிக்குக் காற்று இல்லைதான். நள்ளிரவுக்கு மேல் பக்கவாட்டில் எழுந்தது. அவருடைய நங்கூரம் சத்தமில்லாமல் நழுவ, அந்தப் படகு மொத்தமாக என் மேல் சாய்ந்தது. விடியும்வரை என் ஒரு நங்கூரம் இரண்டு படகுகளைச் சுமந்தது. அவருடைய பின்புற மேடை சுவரில் அரைபட்டு நார் நாராகப் பிரிந்திருந்தது, வைப்புத்தொகை போனது போனதுதான். காலையில் அவர் கண்டுபிடித்த காரணம்: "இந்த நங்கூரம் சரியில்லை."

நங்கூரம் சரியாகத்தான் இருந்தது.

சங்கிலி பிடித்ததா என்பதைச் சோதிக்காமல் இஞ்சினை அணைக்கவே கூடாது. சுவருக்கு இரண்டு மூன்று மீட்டர் இருக்கும்போது சங்கிலியை நிறுத்தி, ரிவர்ஸில் கொஞ்சம் கொஞ்சமாக இஞ்சினைக் கூட்டுங்கள். படகு நின்ற இடத்திலேயே நின்றால் பிடித்துவிட்டது. சங்கிலி மோட்டார் ஓடாதபோது முன்முனையில் ஒருவர் சங்கிலியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கலாம். பிடித்த சங்கிலி விறைத்து அசையாமல் இருக்கும். இழுபடும் சங்கிலி கையில் தடதடவென்று அதிரும். அந்த அதிர்வு தெரிந்தால் கயிறு கொடுத்தவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே போய் மறுபடி போடுங்கள். கரையில் இருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

படகை வாங்கும் நாளிலேயே கேட்க வேண்டியவை: மொத்தம் எத்தனை மீட்டர் சங்கிலி, எந்த நிறக் குறி எத்தனையாவது மீட்டர்.

அடுத்தவர் சங்கிலியின் மேல் போடுவது

ஹைட்ராவின் துறைமுகம் சிறியது, மூன்று பக்கமும் கரை வளைந்தது. எல்லாப் பக்கத்துப் படகுகளும் நடுவை நோக்கியே நங்கூரம் போடுவதால் காலையில் சிக்கல் நிச்சயம். நீங்கள் நிற்கப்போகும் இடத்துக்கு நேர் எதிரே, இரு பக்கத்துப் படகுகளின் சங்கிலிகளுக்கு இணையாகப் போடுவது பாதிச் சிக்கலைக் குறைக்கும். கோணலாகப் போட்டுவிட்டு ஸ்டியரிங்கை வெட்டி வெட்டி உள்ளே வருகிறவர்தான் மறுநாள் நான்கு பேரின் பயணத்தைத் தாமதப்படுத்துகிறார்.

சிக்கினால் கத்த வேண்டாம். உங்கள் நங்கூரத்தோடு மேலே வரும் அயல் சங்கிலியின் அடியில் ஒரு கயிற்றை விட்டு, இரு முனைகளையும் முன்முனையில் கட்டுங்கள். பிறகு உங்கள் நங்கூரத்தை ஒரு மீட்டர் கீழே இறக்கினால் அது விலகிக்கொள்ளும். அதை முழுவதும் மேலேற்றிய பிறகே கயிற்றின் ஒரு முனையை அவிழ்க்க வேண்டும். இழுத்துக்கொண்டு ஓட முயன்றால் அடுத்தவர் நங்கூரமும் உங்களோடு வந்துவிடும்.

பின்முனையைச் சுவரோடு ஒட்டி வைப்பது

இறங்க ஏற வசதி என்று பலகை எட்டும் தூரத்தில் கட்டுவார்கள். ஏதாவது ஒரு அதிவேக ஃபெர்ரி வெளியே கடந்து போகும், சில நிமிடம் கழித்து அதன் அலை துறைக்குள் புகுந்து எல்லாப் படகுகளையும் பின்னுக்குத் தள்ளும். இரவில் சங்கிலியை இறுக்கி ஒரு மீட்டராவது விலக்கி வையுங்கள். பழைய துறைகளில் சுவரின் அடியில் கற்கள் சரிந்து கிடக்கும், முதலில் அடிவாங்குவது சுக்கான்.

கடற்புல்லின் மேல் நங்கூரம்

விரிகுடாக்களில் கரும்பச்சையாகத் தெரிவது போஸிடோனியா புல். அதில் நங்கூரம் புதையாது, வேர்களைக் கிழித்துவிட்டு வழுக்கும். 1992ஆம் ஆண்டின் ஐரோப்பிய வாழிட நெறிமுறை அதைப் பாதுகாப்புக்கு முன்னுரிமை தரும் வாழிடமாக வைத்திருக்கிறது. நீருக்குள் வெளிறித் தெரியும் மணல் திட்டைத் தேடி இறக்குங்கள்.

காலால் தள்ளிப் படகை நிறுத்துவது

படகு 8 டன்.

மலைக்குப் பின்னால் ஒளிந்தால் போதும் என்பது

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஈஜியன் கடலில் மெல்டெமி என்ற காற்று வடக்கிலிருந்து நாட்கணக்கில் வீசும், காற்றின் வலிமையைச் சொல்லும் போஃபோர்ட் அளவில் 6, 7 எல்லாம் சாதாரணம். உயர்ந்த தீவின் தெற்குக் கரையில் அலை அடங்கியிருக்கும், காற்று அடங்கியிருக்காது. சரிவுகளில் வேகமெடுத்துத் திடீர் திடீரென்று மேலிருந்து விழும். அங்கே ஐந்து மடங்கும் போதாது, ஏழு விடுங்கள்.

மாலை ஏழு மணிக்கு வருவது

இடம் இருக்காது. இரண்டு மணிக்கு வாருங்கள்.

சாண்டொரினி எரிமலைக் குழிக்குள் நங்கூரம் போட நினைப்பது

ஆழம் சில இடங்களில் 300 மீட்டரைத் தாண்டும். தெற்குக் கரையில் உள்ள விளிஹாடா துறைக்குப் போங்கள். சிறிய துறை, இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.